பசுமலைக்கு ஒரு டிக்கெட்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அதற்குள் 37 பஸ் டிக்கெட்டுகள். கண்டக்டர் மெஷினில் அடித்துக் கிழித்துத் தரும் மெல்லிய தாள்கள். மை வெளிறிப்போய், பாதியைப் படிக்கவே முடியாது. கொடுத்தவர் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் தம்பி. என்னிடம் முதலில் வந்தபோது அவருக்கு வயது 26. வீடு பசுமலையில். சாயங்காலம் பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறிப் பசுமலையில் இறங்குவதுதான் அவருடைய அன்றாடம். ஆனால் அந்த 37-இல் பசுமலை என்று அச்சான டிக்கெட் ஒன்றுகூடக் கிடையாது.

"ஒன்றரை மாசத்துக்கு டிக்கெட்டைத் தூக்கிப்போடாம சேர்த்து வைங்க தம்பி" என்று கேட்டிருந்தேன். கொண்டுவந்து மேசையில் இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தார். பெரிய குவியல் திருப்பரங்குன்றம். 'குன்றம்' என்ற சொல் அவர் வாயில் தடையில்லாமல் வரும். அதனால் கூடுதல் காசு கொடுத்துக் குன்றத்துக்கு எடுத்து, நடுவே பசுமலையில் இறங்கிவிடுவார். சின்னக் குவியல் பழங்காநத்தம். பசுமலை என்றே சொல்லிவிடுவோம் என்று சில நாள் துணிந்து வாயெடுப்பார். 'ப'விலேயே உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருக்கும் கண்டக்டர், "பழங்காநத்தமா?" என்று கேட்டுவிடுவார். இவர் தலையாட்டிவிடுவார். பழங்காநத்தத்தில் இறங்கி மீதித் தூரத்தை நடப்பார்.

"திக்குறதுகூட பழகிருச்சு மேடம். தலையாட்டுறேன் பாருங்க, அதுக்குத்தான் எனக்கு என்னையவே பிடிக்கல."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. நான் குறுக்கே ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்ளவே எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

சென்னையில் படித்துவிட்டு 2003-இல் மதுரைக்கு வந்து ஸ்பீச் தெரபிஸ்டாக உட்கார்ந்தேன். பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள், காது கேளாத குழந்தைகள், தொண்டை கட்டிப்போன ஆசிரியர்கள் என்று எல்லோரும் வருவார்கள். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர்கள் திக்குபவர்கள்தான். திக்கல் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையே தொடங்கும். தொடங்கும் குழந்தைகளில் சுமார் முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே போய்விடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கில் தங்கிவிடும். அவர்களில் ஆண்களே அதிகம். பாடினால் திக்காது. நாலு பேரோடு சேர்ந்து ஒரே குரலில் சொன்னால் திக்காது. யாரும் இல்லாத அறையில் தனக்குத்தானே பேசினால் அநேகமாகத் திக்காது. ஒரு பையன் என்னிடம் சொன்னான்: "எங்க வீட்டுக் கன்னுக்குட்டிகிட்ட நான் அரைமணி நேரம் பேசுவேன் மேடம், ஒரு தடவைகூட நிக்காது." கேட்பதற்கு இன்னொரு மனிதர் வந்து உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது.

அதற்காக, திக்கல் என்பது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. பேச்சுக்கான அசைவுகளை மூளை நேரம் தவறாமல் கோத்துக் கொடுப்பதில் உள்ள சிக்கல் அது. பரம்பரைக்கும் அதில் பங்குண்டு. 2010-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த டெனிஸ் டிரேனாவின் குழு, பாகிஸ்தான் குடும்பங்களிலிருந்து தொடங்கி, திக்கலோடு தொடர்புள்ள மூன்று மரபணுக்களைக் கண்டுபிடித்தது. திக்குபவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் அந்தக் காரணம் பொருந்தும். ஆனாலும் அந்தச் செய்தியை நான் எத்தனையோ அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறேன். காரணம், என் அறைக்கு வரும் அம்மாக்களில் பாதிப்பேர் குற்றவாளிக் கூண்டில் ஏறுவதுபோலத்தான் வந்து உட்காருவார்கள். "மாசமா இருக்கையில நாய் துரத்திருச்சு டாக்டரம்மா." "எடது கையில சாப்பிட்டான்னு அடிச்சு மாத்துனேன்." "வசம்பு தேய்க்கச் சொன்னாங்க, நாந்தான் ஒழுங்கா தேய்க்கல." அவர்களிடம் முதலில் சொல்வது ஒன்றுதான். நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை.

என் முதல் ஐந்தாறு வருடங்களைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் சரளத்தைத் துரத்தினேன். மூச்சை இழுத்து விட்டு மெதுவாகத் தொடங்கு, உதட்டை லேசாகத் தொடு, சொல்லை நீட்டு. இவையெல்லாம் நல்ல உத்திகள், இன்றும் சொல்லிக் கொடுக்கிறேன். என் அறையில் எல்லோரும் அழகாகப் பேசினார்கள். கல்லூரி முதலாண்டு படித்த ஒரு பெண் வந்தாள். மூன்றே மாதத்தில் ஐந்து நிமிடம் தடங்கலில்லாமல் பேசினாள். நான் கைதட்டினேன். அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இனிமே நீ திக்கவே மாட்டே" என்று சொன்னேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பல மாதம் கழித்து அவள் அம்மாவைக் கடைவீதியில் பார்த்துக் காரணம் கேட்டேன். "காலேஜ்ல மறுபடி திக்க ஆரம்பிச்சிருச்சும்மா. உங்க முன்னாடி திக்கிட்டா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு வரமாட்டேன்னுட்டா."

உலகத்தில் அவள் தாராளமாகத் திக்குவதற்கு ஒரே ஓர் அறை இருந்தது. என் கைதட்டலால் அதையும் மூடிவிட்டேன்.

அதன் பிறகுதான் என் துறைக்கு வெளியே படிக்க ஆரம்பித்தேன். திக்கலை உளவியலாளர் ஜோசப் ஷீஹன் பனிப்பாறைக்கு ஒப்பிட்டதைக் கல்லூரியிலேயே படித்திருந்தேன். தண்ணீருக்கு மேலே தெரிவது தடுமாறும் பேச்சு. கீழே மறைந்திருப்பது பயம், வெட்கம், குற்றவுணர்வு. மேலே தெரிவதைவிட அது பல மடங்கு பெரியது. ஷீஹன் தானே திக்குபவர். பரீட்சைக்கு எழுதிய அந்தப் படத்தின் பொருள் அந்தப் பெண் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

கீழே இருப்பதில் வெட்கத்தையும் குற்றவுணர்வையும் நாம் பேச்சில் கலந்துவிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971-இல் எழுதிய நூலில் இரண்டையும் பிரித்துக் காட்டினார். குற்றவுணர்வு செய்த செயலைப் பார்க்கும், 'அப்படிச் செய்துவிட்டேனே' என்று உறுத்தும். வெட்கம் ஆளையே பார்க்கும், 'நான் இப்படிப்பட்ட ஆளா' என்று கூனிக் குறுக வைக்கும். குற்றவுணர்வுக்கு வழியுண்டு. போய் மன்னிப்புக் கேட்கலாம், கெடுத்ததைச் சரிசெய்யலாம். வெட்கத்துக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது, ஒளிந்துகொள்ளத்தான் தோன்றும். நம் பேச்சிலும் அப்படித்தானே சொல்கிறோம்: 'வெளியே தலைகாட்ட முடியல', 'யார் மூஞ்சியிலயும் முழிக்க முடியல', 'பூமி பிளந்து உள்ளே போயிரணும் போல இருக்கு'. மூன்றுமே ஒளிவதைப் பற்றியவை. அந்தத் தம்பிக்கும் இரண்டும் இருந்தன. 'கண்டக்டரைக் காக்க வைத்துவிட்டேனே' என்பது குற்றவுணர்வு. அது பஸ்ஸை விட்டு இறங்கினால் தீர்ந்துவிடும். 'ஊர்ப்பேரைக்கூடச் சொல்ல வக்கில்லாதவன்' என்பது வெட்கம். அது அவரோடு நடந்து வீடுவரை வந்தது.

உளவியலாளர் பால் எக்மன் எல்லா இனத்து மனிதர்களுக்கும் பொதுவான அடிப்படை உணர்ச்சிகள் என்று முதலில் ஆறைச் சொன்னார். கோபம், பயம், அருவருப்பு, மகிழ்ச்சி, சோகம், வியப்பு. அந்தப் பட்டியலில் வெட்கமும் இல்லை, பெருமிதமும் இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டு இருக்கின்றன. அந்த எட்டில், தன்னை இழிவாக உணரும் இளிவரலும் உண்டு, பெருமிதமும் உண்டு. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்போது வரும் உணர்ச்சிகள் இவை. நம் இலக்கணக்காரர் இவற்றையும் அழுகை, சிரிப்போடு ஒரே வரிசையில் உட்கார வைத்திருக்கிறார். அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது இளிவரலுக்கு அவர் சொல்லும் நான்கு காரணங்கள்: முதுமை, நோய், துன்பம், வலுவின்மை. அந்த நான்கில் ஒன்றுகூடக் குற்றமில்லை. எந்தத் தப்பும் செய்யாதவரும் கூனிக் குறுகுவார் என்பது அதற்குள் இருக்கிறது. மெய்ப்பாடு என்ற சொல்லும் என் தொழிலுக்கு நெருக்கமானது, உடம்பில் தெரிவது என்றுதான் பொருள். டார்வின் 1872-இல் உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி எழுதிய நூலில் முகம் சிவப்பதற்கு ஒரு பெரிய அத்தியாயத்தை ஒதுக்கினார். நம் நிறத்தில் முகம் சிவப்பது அவ்வளவாகத் தெரியாது. நான் கண்ணைப் பார்ப்பேன். சொல் நிற்பதற்கு ஒரு நொடி முன்னால் கண் என்னை விட்டு விலகி மேசைக்கால்மேல் போய் உட்கார்ந்துவிடும்.

வெட்கம் எப்படி ஊட்டப்படுகிறது என்பதற்கு என் துறையிலேயே ஒரு கறை படிந்த சாட்சி இருக்கிறது. 1939-இல் அயோவா பல்கலைக்கழகத்தின் வெண்டல் ஜான்சன், தன் மாணவி மேரி டியூடரை டேவன்போர்ட் நகரத்து அனாதை இல்லத்துக்கு அனுப்பினார். அங்கே 22 குழந்தைகள் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம், 'உனக்குத் திக்கல் வருகிறது, சரியாகச் சொல்ல முடியாவிட்டால் பேசாதே' என்ற பொருளில் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டது. அவர்கள் திக்குபவர்களாக மாறிவிடவில்லை. ஆனால் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள், கூசினார்கள், வாயை மூடிக்கொண்டார்கள். செய்தி 2001-இல் பத்திரிகையில் வெளியானபோது பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-இல் அயோவா மாநிலம் இழப்பீடு கொடுத்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திக்கலே இல்லாமல் திக்கலின் வெட்கத்தை மட்டும் ஒரு குழந்தைக்குள் வைத்துவிட முடிந்திருக்கிறது. வாத்தியார் ஒருவர், மாமா ஒருவர், கூடப் படிக்கும் நாலு பையன்கள் அதைத் தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மறைப்பதில் திக்குபவர்களுக்கு இருக்கும் திறமை சாதாரணமானதில்லை. உணர்ச்சியை மனிதர்கள் எந்தெந்த இடத்தில் கட்டுப்படுத்துகிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டின் ஜேம்ஸ் கிராஸ் 1998-இல் ஒரு வரைவு கொடுத்தார். உணர்ச்சி கிளம்பும் சூழலுக்குப் போவதா வேண்டாமா என்பதில் தொடங்கி, சூழலை மாற்றுவது, கவனத்தைத் திருப்புவது, நினைக்கும் விதத்தை மாற்றுவது, கடைசியில் உணர்ச்சி வந்த பிறகு அதை முகத்தில் காட்டாமல் அமுக்குவது வரை ஐந்து இடங்கள். அதைப் படித்தபோது எனக்கு என் ஆட்களின் முகங்கள்தான் தெரிந்தன. கிராஸை ஒருவரும் படித்ததில்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் ஏழு வயதிலேயே இதில் கைதேர்ந்தவர்கள்.

போன் அடித்தால் குளியலறைக்குள் போய்விடுவார் ஒருவர். கடைக்குப் போகும்போது தன் கூடப்பிறந்த தம்பியைக் கூட்டிப்போய் அவனைப் பேசவிடுவார் இன்னொருவர். வருகைப்பதிவில் 'உள்ளேன் ஐயா' வராது என்பதால் தினமும் ஐந்து நிமிடம் பிந்திப்போய், பிந்தியதற்கான திட்டை வாங்கிக்கொண்ட பையனைத் தெரியும். சிலர் தொடையில் விரலால் தாளம் தட்டுவார்கள். சொல்லை மாற்றுவது எல்லாருக்கும் பொது. தமிழில் நின்றால் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். ஒரு பையன் அவன் அம்மாவை என்னிடம் 'மதர், மதர்' என்றே சொல்லிவந்தான். ஊரே அவனை அலட்டுகிறான் என்று நினைத்திருக்கிறது. அவனுக்கு 'அ' வராது, அவ்வளவுதான். 'வந்து... வந்து... அதாவது வந்து...' என்று இழுப்பவர்களைக் கேலி செய்கிறவர்கள், அந்த 'வந்து' ஒரு ஊன்றுகோல் என்று அறிய மாட்டார்கள். இப்போது செல்போன் வந்துவிட்டது. சாப்பாடு, ஆட்டோ, மருந்து எல்லாம் விரலிலேயே முடிந்துவிடுகிறது. போன வருடம் வந்த ஒருவர், வீட்டாரைத் தவிர வேறு யாரிடமும் மூன்று வாரமாக வாய் திறக்கவில்லை என்று நிம்மதியாகச் சொன்னார். அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை. மறைத்த ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன ஆறுதல் கிடைக்கும். அந்த ஆறுதல், மறைத்தே ஆக வேண்டிய அசிங்கம் இது என்று உறுதிப்படுத்திவிட்டுப் போகும்.

அமுக்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், அருவருப்பூட்டும் படத்தைப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டாதே என்று சிலரிடம் சொன்னார்கள். முகம் அடங்கியது, உள்ளே இருந்த உணர்ச்சி குறையவில்லை, உடம்பின் பதற்றக் குறிகள் சில ஏறின. பத்து வருடம் கழித்து எமிலி பட்லரும் கிராஸும் இன்னும் சிலரும் சேர்ந்து, முன்பின் பழக்கமில்லாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பேச வைத்தார்கள். ஒருவர் தன் உணர்ச்சியை அமுக்கிக்கொண்டு பேசினால், எதிரே இருந்தவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. இதற்கு எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை. ஒரு அப்பா வருவார். மகன் சொல்லில் நிற்கும்போதெல்லாம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிவிடுவார். அவர் மூச்சு நின்றதும் மகனுக்குத் தொண்டை இன்னும் இறுகும். "நீங்க மூச்சு விடுங்கய்யா" என்று நான் சொன்னபோதுதான் தான் மூச்சே விடாமலிருந்தது அவருக்குத் தெரிந்தது. அவர் அழுதார். மகன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, திக்கித் திக்கி, "பரவால்லப்பா" என்றான்.

அதிலிருந்து என் வேலை திசை மாறியது. மறைக்கும் உத்திகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, திக்கலை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதுதான் இப்போது முதல் வேலை. இது என் கண்டுபிடிப்பல்ல. மிச்சிகனின் கலமசூ நகரில் பேச்சு மருத்துவ நிலையம் நடத்திய சார்லஸ் வான் ரைப்பர், தானும் திக்குபவராக இருந்து, பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிய வழி. முதலில் கண்ணாடி முன்னால் உட்காருவோம். சொல் நிற்கும் இடத்தில் ஓடாமல் அங்கேயே நிற்கச் சொல்வேன். உதடு எவ்வளவு அழுந்துகிறது, கண் எங்கே போகிறது என்று பார்ப்போம். சிலருக்கு அவர்கள் திக்கும் முகத்தை அவர்களே பார்ப்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அடுத்தது, வேண்டுமென்றே திக்குவது. தெருவில், அறிமுகமில்லாதவரிடம், கண்ணைப் பார்த்து.

இதை யாரிடமும் செய்யச் சொல்வதற்கு முன்னால் நான் செய்ய வேண்டும். முதல்முறை செய்தது விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா கடையில். பஸ் டிக்கெட் தம்பி இரண்டடி தள்ளி நின்றார். அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் போனேன், கேலி செய்வதுபோல் ஆகிவிடக் கூடாது. "ஜி... ஜி... ஜி..." என்று தொடங்கினேன். காதுமடல் கொதித்தது. வரிசையில் பின்னால் நின்றவரின் மூச்சு என் பிடரியில் பட்டது. கடைக்காரர் கையில் டம்ளரோடு நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு நொடியில் எனக்குள் வந்த ஆசையை மறக்கவே முடியாது: 'எனக்குத் திக்கல் கிடையாதுங்க, பயிற்சிக்காகச் செய்றேன்' என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். 'நான் அந்த ஆள் இல்லை' என்று எப்படியாவது நிரூபித்துவிட வேண்டும். இத்தனை வருடம் திக்குபவர்களோடு உட்கார்ந்தவள் நான். எனக்கே அப்படி. சொல்லாமல் அடக்கிக்கொண்டு, சொல்லை முடித்தேன். "...ஜிகர்தண்டா."

"சாதாவா, ஸ்பெஷலா?" என்றார் கடைக்காரர்.

அவ்வளவுதான் நடந்தது. தம்பி வெளியே வந்து, "உங்க கை நடுங்குச்சு மேடம்" என்றார். நடுங்கியது உண்மை. அதைப் பார்த்த பிறகுதான் அவர் என்னை நம்பினார் என்று நினைக்கிறேன்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழு 2000-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. மாணவர்கள் கூச்சப்படும்படியாக, பேரி மேனிலோ என்ற பாடகரின் படம் போட்ட பனியனை ஒருவருக்குப் போட்டுவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். கவனித்தவர்கள் பாதிப்பேர் இருப்பார்கள் என்று பனியன் போட்டவர் நினைத்தார். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். இதை என் ஆட்களுக்குச் சொல்வேன். ஆனால் அத்தோடு நிறுத்தமாட்டேன், ஏனென்றால் கால்வாசிப் பேர் கவனிக்கத்தான் செய்கிறார்கள். 'யாரும் கண்டுக்க மாட்டாங்க' என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு, அங்கே ஒருவன் சிரித்துவிட்டால் என் பேச்சு பொய்யாகிவிடும். ஒருநாள் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவும் பையன் தம்பியைப் போலவே 'டீ... டீ...' என்று சொல்லிக் காட்டினான். இரண்டு பேர் சிரித்தார்கள். தம்பி டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தார், ஆனால் முகம் செத்துப்போயிருந்தது. நினைப்பை மாற்றுவது என்றால் நடந்ததை இல்லை என்று சொல்வதல்ல. அவன் சிரித்தான், அது அவன் செய்த காரியம். அதை உன் பெயரில் எழுதிக்கொள்கிறாயே, அந்தக் கணக்கைத்தான் திருத்தச் சொல்கிறேன்.

பகலைவிட ராத்திரிதான் பொல்லாதது. படுத்ததும் அந்தச் சிரிப்பு மறுபடி மறுபடி ஓடும். மனசு அதையே அரைக்கும். அப்படி அரைப்பவர்களிடம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து எழுதச் சொல்வேன், 'நான்' என்று எழுதாமல் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு அண்ணன் எழுதுவதுபோல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் குரோஸ் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றமான நேரத்தில் தன்னைத் தானே பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொண்டவர்கள் குறைவாகக் கலங்கினார்கள். தம்பிக்கு இது இரட்டிப்பாக உதவியது. அவர் பெயரே 'பா'வில்தான் தொடங்கும். வாயில் வராத அந்தப் பெயரை ராத்திரி பத்துத் தடவை எழுதினார். ஒருநாள் நோட்டைக் காட்டினார். பெயரைப் போட்டு, 'டேய், டீ நல்லாத்தான்டா இருந்துச்சு' என்று எழுதியிருந்தார்.

எல்லாருக்கும் ஒரே மருந்து என்று நான் சொல்லவில்லை. பெண்களுக்கு இது வேறு மாதிரி முடிச்சு. ஒரு பள்ளி ஆசிரியை வந்தாள். குழந்தைகளிடம் அவளுக்குத் திக்காது, பெரியவர்களிடம்தான் திக்கும். பெண் பார்க்க வந்தபோது வாயே திறக்கவில்லை. "அடக்கமான பொண்ணுன்னு சொல்லிட்டுப் போனாங்க மேடம்" என்றாள். திருக்குறளின் 102-ஆம் அதிகாரம் நாணுடைமை. அதன் முதல் குறளிலேயே வள்ளுவர், தகாத செயலுக்கு நாணுவது வேறு, பெண்களின் நாணம் வேறு என்று இரண்டையும் பிரித்துவிடுகிறார். நம் வீடுகளில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பயத்தில் வாயடைத்து நிற்பதை நாணம் என்று பாராட்டுவது. நிச்சயத்துக்குப் பிறகு, மாப்பிள்ளையிடம் சொல்லலாமா என்று என்னைக் கேட்டாள். சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறைத்தால் எத்தனை வருடம் மறைக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் கேட்டேன். அவள் போன் செய்து சொன்னாள். சம்பந்தம் நின்றுபோனது. நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டுமா என்று இன்றும் என் மனசு உறுத்துகிறது. அவள் அம்மா இதுவரை என்னிடம் பேசுவதில்லை. அவள் மாதம் ஒருமுறை போன் செய்கிறாள், திக்கிக்கொண்டே நெடுநேரம் பேசுகிறாள்.

தம்பியோடு பஸ்ஸில் போனது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எட்டு மாதப் பயிற்சிக்குப் பிறகு. 'கூட வாங்க மேடம், ஆனா பக்கத்துல உக்காராதீங்க' என்றிருந்தார். பெரியாரில் ஏறிப் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மூன்று வரிசை முன்னால். கண்டக்டர் முன்னாலிருந்து விரலிடுக்கில் நோட்டுகளோடு வந்தார். தம்பி பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். உதடு ஒட்டிக்கொண்டது. எனக்குப் பக்கவாட்டு முகம்தான் தெரிந்தது, தாடை நடுங்கியது. கண் நகரவில்லை.

"பழங்காநத்தமா?" என்றார் கண்டக்டர், மெஷினில் விரலை வைத்துக்கொண்டே.

தம்பி இல்லை என்று தலையை அசைத்தார். ஒரு கையை லேசாக உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினார். பின்னால் ஒரு அம்மா சில்லறையை வைத்துக்கொண்டு உச்சுக்கொட்டினார். ஒட்டியிருந்த உதடு மெதுவாகத் தளர்ந்தது. நான் என் மூச்சை விட்டுக்கொண்டேன்.

"ப... ப... பசு... பசுமலை."